கோட்டுக்கு உள்ளே

கடைசியாக முகம் பார்க்க வரச்சொல்லி அழைத்தபோது ரம்ஸியா கிணற்றடியில் பிளேன்டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரோ கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டார்கள். ஈரக் கையைத் துடைக்காமலே உள்ளே போனாள்.

கபன் துணிக்குள் கணவர் செய்னுலாப்தீனின் முகம் மட்டும் திறந்திருந்தது. இடது கன்னத்தில் பஞ்சு. காலை ஆறரைக்கு இறால் பண்ணை வேலைக்குச் சைக்கிளில் புறப்பட்ட மனிதர், அஸர் தொழுகைக்கு முன் வெள்ளைத் துணியில் வீடு வந்திருந்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வரவில்லை. கால்கள்தான் வலித்தன.

"தூக்கலாமா மதினி?"

கணவரின் தம்பி இஸ்ஸதீன் வாசலில் நின்று கேட்டான். அவள் தலையசைத்தாள். ஆண்கள் மையித்து வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டினார்கள். வீட்டில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

"ஆயிரம் தரம் சொன்ன நாங்க, கோட்டுக்குள்ள போ எண்டு. கேட்டானா?" என்றாள் செய்னுலாப்தீனின் அக்கா றஹ்மா. பிறகு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் அழும் விதம் அதுதான். ரம்ஸியா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

முந்தலுக்குப் போகும் பெரிய றோட்டின் ஓரத்தில், சைக்கிள்காரருக்கென்று நாலு மாதத்துக்கு முன் போட்ட வெள்ளைக் கோடு அது. பள்ளிக்கூடப் பிள்ளையொன்று பஸ்ஸில் அடிபட்ட பிறகு பெண்கள் சேர்ந்து கேட்டு வாங்கியது. வீடு வீடாகக் கடுதாசியைக் கொண்டுபோனவள் ரம்ஸியா. முதல் கையெழுத்து செய்னுலாப்தீனுடையது. கையெழுத்தைப் போட்டுவிட்டு, அவர் ஒருநாளும் அந்தக் கோட்டுக்குள் சைக்கிள் ஓடியதில்லை. அதற்குள் வேன் நிற்கும், மீன்பெட்டி இறங்கும், ஒழுங்கைக்குத் திரும்புகிறவன் எவனும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்பார்.

"றோட்டுல போனா லொறிக்காரன் ஏசுறான். ஏசுறான் எண்டா என்னைக் கண்டுட்டான் எண்டுதானே. ஓரத்துல போறவன ஆரு பாக்குற?"

திங்கட்கிழமை மாலை அதே றோட்டில் பஸ்ஸொன்று அவருடைய ஹேண்டிலை உரசிவிட்டுப் போனது. முழங்கை தோலுரிந்து வந்தார். ரம்ஸியா காயத்தைக் கழுவி மருந்து போட்டாள். அதோடு அவரிடம் கதைப்பதை நிறுத்திக்கொண்டாள். மறுநாள் காலைத் தேத்தண்ணீரையும் வாய் திறக்காமல்தான் வைத்தாள். படலையடியில் ஒரு காலைப் பெடலில் வைத்தபடி அவர் திரும்பிப் பார்த்தார்.

"சரி, இண்டைக்கு உன்ட கோட்டுக்குள்ளயே போறன். வந்த பிறகாவது கதைப்பியா?"

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஐஸ் ஏற்றிய லொறி இடப்பக்க வளவுக்குள் திரும்பும்போதுதான் அவர் அடிபட்டார். எதிர்க் கடைக்கார அன்ரனிப்பிள்ளை கண்ணால் பார்த்தவர். சைக்கிள் கோட்டுக்குள்தான் வந்தது என்றார். லொறிச் சாரதி றோட்டோரத்தில் குந்தியிருந்து, நான் சைக்கிளைக் காணவேயில்லை என்று அழுதானாம்.

மறுநாள் காலை இஸ்ஸதீன் திரைச்சீலைக்கு அப்பால் நின்று குரலைத் தாழ்த்தினான். லொறிக்காரனின் ஆட்கள், செய்னுலாப்தீன் நானா நடு றோட்டில் வந்தார் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்களாம். பொலிஸ் வந்தால், அவர் எப்போதும் கோட்டுக்குள்தான் போவார் என்று சொல்லச் சொன்னான். ஓம் என்று சொல்லக்கூட ரம்ஸியாவுக்கு அலுப்பாக இருந்தது.

பொலிஸ் சார்ஜன் பத்து மணிக்கு வந்தார். கணவன் இறந்தபின் மறைவாக இத்தா இருக்கும் பெண் என்பதால் திரைக்கு வெளியே கதிரை போட்டார்கள். அவருடைய சப்பாத்து மட்டும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"ஐயா எப்பவும் கோட்டுக்கு உள்ளுக்கா போறது, அம்மா?"

இஸ்ஸதீன் செருமினான். ரம்ஸியா திரையின் ஓரத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. நாலு மாசமும் றோட்டாலதான் போன. நேத்து மட்டும் உள்ளுக்குப் போன. நான் கதைக்காம இருந்ததாலதான் போன."

 வெளியே பேனை எழுதும் சத்தம் கேட்டது.

அவர் போன பிறகு அவள் விசாரித்தாள். நேற்றுக் கோட்டுக்குள் போனதாக மட்டும் எழுதியிருக்கிறார் என்றான் இஸ்ஸதீன். மற்றது கேஸுக்குத் தேவையில்லையாம். அவன் அவள்மேல் கோபப்படவில்லை. றஹ்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோட்டைப் பற்றி அதன் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

சனிக்கிழமை மகள் நுஸ்ராவுக்குத் தையல் பயிற்சியின் கடைசிச் சோதனை. போகாவிட்டால் ஒரு வருடம் வீண். பஸ் பிடிக்கவும் பெரிய றோட்டில் இரண்டு கட்டை தூரம் போகவேண்டும். அவள் தன் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டு, திரும்பி ஜன்னலடிக்கு வந்தாள்.

"உம்மா, நான் எதால போற? கோட்டாலயா, றோட்டாலயா?"

ரம்ஸியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.  "கவனமாப் போ மகள்" என்றாள்.

நுஸ்ரா படலையைச் சாத்திவிட்டு றோட்டுக்கு வந்தாள். லொறியொன்று போகும்வரை நின்றாள். பிறகு சைக்கிளில் ஏறாமல், கோட்டையும் தாண்டி, தென்னங்காணி வேலியோரத்து மணலில் அதைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். சில்லு மணலில் புதைந்தது. அவள் குனிந்து தூக்கி வைத்து, மறுபடியும் தள்ளினாள்.