இரைச்சலே இல்லாமல் பாதித் தப்பு

சுஜிதா இரைச்சலை முழுவதுமாக நிறுத்திப் பார்த்தாள். அப்போதும் பாதி தப்பாகவே வந்தது.

மடிக்கணினிக்குள் அவள் ஒரு டிஜிட்டல் ரேடியோவை மென்பொருளாகக் கட்டியிருந்தாள். ஒரு முனையிலிருந்து பூஜ்யமும் ஒன்றும் கலந்து பத்தாயிரம் எண்கள் கிளம்பும். நடுவில், கடலில் சிக்னலோடு கலந்துவிடும் இரைச்சலைப் போல ஒன்றைச் சேர்ப்பாள். மறுமுனையில் ரிசீவர் புரிந்துகொண்டதை, அனுப்பியதோடு ஒப்பிட்டுத் தப்புகளை எண்ணுவாள். இரைச்சல் கூடினால் தப்பு கூட வேண்டும், குறைந்தால் குறைய வேண்டும். இந்த ரிசீவரோ கூட்டினாலும் பாதி, குறைத்தாலும் பாதி.

புயல் எச்சரிக்கையை எழுத்தாக மீனவர்களின் பைபர் படகுகளுக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய ரேடியோ அது. கடலில் சோதித்துப் பார்க்க ரோச் மாமா சனிக்கிழமை தன் படகைத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஆனா மொதல்ல உன் கம்ப்யூட்டர்ல ஓடட்டும். ஆயிரத்துக்கு ஒண்ணு தப்பா வரலாம். அதுக்கு மேல போச்சுன்னா நான் வலையை ஏத்திட்டு மீனுக்குப் போயிருவேன், பாத்துக்கோ."

இன்று சாயங்காலத்துக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கும் அண்ணன் பெனிஸ்டன், மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், தட்டோடு திரையை எட்டிப் பார்த்தான்.

"ஏளா, பாதி சரி, பாதி தப்பா? காசைச் சுண்டிப் பூவா தலையான்னு பாத்தாலே அவ்வளவு சரியா வருமே!"

"கொழம்பு ஆறுது. தின்னுட்டு ஆபீசுக்கு ஓடிரு அண்ணே."

"புயல் வருதா இல்லையான்னு சுண்டிப் பாத்துக்கிடுங்கன்னு மாமாட்ட சொல்லிருதேன்."

சுஜிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அத்தனையும் தப்பாக வந்திருந்தால்கூடக் கவலையில்லை. ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் மாற்றிப் படித்தால் எல்லாம் சரியாகிவிடும். சரிபாதி தப்பு என்றால், ஒப்பிடும் இரண்டு வரிசைகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரிசீவர் நன்றாகவே கேட்டிருக்கலாம். இவள்தான் எதையோ எதோடோ ஒப்பிடுகிறாள்.

முதல் இடத்தில் மட்டும் ஓர் ஒன்று, மற்றதெல்லாம் பூஜ்யம் என்று அனுப்பிப் பார்த்தாள். அந்த ஒன்று பத்திரமாக வெளியே வந்தது. ஆனால் ஒன்பதாவது இடத்தில்.

"அண்ணே, வந்துட்டு! எட்டு தள்ளி வந்துட்டு!"

"எது, புயலா?"

"போ அங்கன! ரிசீவர்ல ஒரு வடிகட்டி இருக்குல்லா? அது ஒரு எண்ணை மட்டும் பாத்து முடிவு சொல்லாது. முன்னால வந்தது, பின்னால வரப்போறது எல்லாத்தையும் சேத்துப் பாத்துதான் சொல்லும். பின்னால உள்ளது வந்து சேரணும்லா, அதுவரைக்கும் காத்துக்கிடக்கு. நான் அது வாயைத் தொறக்கதுக்கு முன்னாலயே மார்க் போட்டுட்டு இருந்திருக்கேன்!"

"பாவம், பெயிலாக்கிட்டியே அதை."

அவள் ஒரே ஒரு வரியை மாற்றினாள். தப்பு பூஜ்யம். கடல் இரைச்சலைத் திரும்பச் சேர்த்தாள். திரையைப் பார்த்ததும் பெனிஸ்டனின் எச்சில் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ரோச் மாமாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, சனிக்கிழமை வலை ஏத்தாதீங்க."

"சரியாப் போச்சா? என்னத்தளா செஞ்ச?"

"ரிசீவர் எட்டு எண் தாமதிச்சுத்தான் பதில் சொல்லுது மாமா. வர்றதுல மொத எட்டையும் விட்டுட்டு, ஒன்பதாவதுல இருந்து ஒப்பிட்டேன். பத்தாயிரத்துல மூணுதான் தப்பு."