இரண்டு முறை குளித்தவர்

அப்பா கிடந்த அறைக்குள் போய் அம்மா தாழ் போட்டுக்கொண்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. ஆனாலும் மூவரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். இரண்டு வாளி, ஒரு சோப்புக் கட்டி, மடித்த வெள்ளைத் துணி எல்லாம் அவர்கள் காலடியில் இருந்தன. அப்பாவைக் குளிப்பாட்ட வழிபாட்டு மன்றத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். அப்பா செத்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

“அம்மா, கதவைத் திற. பெரியவங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

“காத்திருக்கட்டும். நானா வரச் சொன்னேன்?”

மகனுக்கு முப்பது வயது. லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் அவன் லிஃப்ட்காரன்தான். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பதறாமல் பேசுவது அவன் வேலையில் பாதி. பயப்படாதீங்க, கதவை இழுக்காதீங்க, இதோ பத்து நிமிஷம் என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கு அப்படி ஒரு குரல் வந்திருந்தது. இன்றைக்கு அந்தக் குரல் எடுபடவில்லை. இங்கே உள்ளே இருப்பவளுக்கு வெளியே வரும் ஆசையே இல்லை.

விஷயம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், சண்டைக்குத் தப்பி எல்லையில் வந்து நின்றவர்களில் ஒரு மதத்துக்காரர்களை மட்டும் உள்ளே விடுவது என்று இந்த நாடு முடிவு செய்தது. இவர்கள் அந்த மதமில்லை. அப்பா யோசித்துப் பார்த்தார். முகாமில் பக்கத்துக் கூடாரக்காரரிடம் நாற்பது நாள் உட்கார்ந்து அந்த மதத்தைப் பாடம் படித்தார். அதிகாரிகள் கேட்ட பதினெட்டுக் கேள்விக்கும் பதில் சொல்லி, மனைவியையும் எட்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ‘குண்டு போட்டவன் மேலேருந்து உங்க மதம் என்னன்னு கேட்டா போட்டான்?’ என்பது அவருடைய வாதம். வீட்டுக்குள் மட்டும் சொல்கிற வாதம்.

மூத்தவள் வர முடியவில்லை. அப்போதுதான் கல்யாணமாகிப் புருஷன் ஊரில் இருந்தாள். அந்த ஊருக்குப் போகும் சாலையை அடைத்துவிட்டார்கள். இப்போது புருஷனும் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு முகாமில் இருக்கிறாள். அப்பாவும் தம்பியும் சேர்ந்து போட்ட மனுவின் மேல் அவளுக்கு நாளைக் காலையில் நேர்காணல். அப்பாவின் மதம்தான் பிள்ளைகளின் மதம் என்று சட்டத்தில் இருக்கிறது. அப்பாவை எந்த இடுகாட்டில், எந்த முறையில் புதைத்தார்கள் என்பது சாயங்காலத்துக்குள் பதிவேட்டில் ஏறிவிடும். அம்மாவின் இஷ்டப்படி பழைய முறையில் புதைத்தால் அக்கா அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

“உசிரோட இருந்த வரைக்கும் நடிச்சாச்சு,” என்றாள் அம்மா உள்ளேயிருந்து. “செத்தப்புறமும் நடிக்கணுமா?”

அவள் அதை மெதுவாகச் சொல்லவில்லை. லிஃப்ட்காரன் அவசரமாக இருமினான். இருமலில் அந்த வார்த்தை மூழ்கியதா என்று தெரியவில்லை.

மூவரில் மூத்தவர், மன்றத்துக் காரியதரிசி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்காவை ‘நம்மவர்’ என்று உறுதி சொல்லி மன்றத்தின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். “விடுங்க தம்பி. துக்கத்துல வாய்க்கு வந்தது வரும். நமக்கு அவசரமில்ல,” என்றார்.

பக்கத்தில் இருந்த, மூவரில் இன்னொருவனான ரொட்டிக்கடைக்காரனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. காலைச் செய்தியில் வந்ததை ஆரம்பித்துவிட்டான். “எந்த மதமா இருந்தாலும் அகதிகளை உள்ள எடுக்கணும்னு இன்னைக்கும் ஊர்வலம் போறாங்களாம். நல்ல மனசுதான். ஆனா எங்க மாமா வீட்ல ஆறு பேரு. இந்த மதம்னு தெரிஞ்சுதான் வீடு வீடாத் தேடி வந்து கொன்னாங்க. அவங்களை மாதிரி ஆளுங்களை முதல்ல எடுக்கறது தப்பா, நீங்களே சொல்லுங்க. இதுல பொய் சொல்லி உள்ள வந்தவங்க வேற. அவங்களால எத்தனை பேரு வெளியவே நின்னாங்களோ.”

லிஃப்ட்காரன் தலையை ஆட்டினான். வேறென்ன செய்வது? இவன் சொல்வதில் தப்பில்லை. அப்பா சொன்னதிலும் தப்பில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பாவே ஒரு தடவை, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வந்த களைப்பில் சொல்லியிருக்கிறார்: ‘இது வேற ஒருத்தனுக்குக் கிடைக்க வேண்டிய நாற்காலிடா. அதுல ஒழுங்கா உக்காந்தாவது இருக்கணும்.’ அதற்காகத்தான் காய்ச்சலோடும் மன்றத்துக்குப் போனாரா, இல்லை போகப் போகப் பிடித்துப்போய்விட்டதா? கேட்டிருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்கவில்லை. தான் என்ன மதம் என்று யாராவது தன்னைக் கேட்டால் என்ன சொல்வது என்பதே அவனுக்குத் தெரியாது.

“இடத்துக்கும் அலைய வேண்டாம் தம்பி,” என்றார் காரியதரிசி. “போன வருஷமே உங்கப்பா வந்து நம்ம இடுகாட்டுல எழுதி வச்சுட்டார். அவருக்கும் உங்கம்மாவுக்கும், பக்கத்துல பக்கத்துல.”

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

“என்னைக் கேட்டாரா?”

காரியதரிசி குனிந்து, மடித்த வெள்ளைத் துணியை நேராக்கி வைத்தார்.

“அங்கேருந்து கிளம்பும்போதும் கேக்கல. இதையும் கேக்கல. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.” அது அப்பாவுக்குச் சொன்னது. பிறகு, “இஸ்திரி போடும்போது அவர் வாயில என்ன பிரார்த்தனை வரும்னு எனக்குத் தெரியும்டா. நம்ம வார்த்தைதான் வரும்,” என்றாள்.

“போன மாசம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நம்ம வார்த்தையைத்தான் சொன்னார்,” என்றார் காரியதரிசி, கதவைப் பார்த்து, சண்டைக்கு இல்லாத குரலில். “சும்மா வாயால சொன்ன மாதிரி எனக்குத் தோணல.”

இரண்டு பேரும் ‘நம்ம வார்த்தை’ என்றார்கள். லிஃப்ட்காரன் நடுவில் நின்றான். அப்பா மேல் அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனுஷன் சாவதற்கு முன் இதையாவது தெளிவாகச் சொல்லிவிட்டுச் செத்திருக்கக் கூடாதா?

அப்போதுதான் போன் வந்தது. அக்கா. காலையில் சேதி சொன்னபோது “சரி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டவள். இப்போது வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினாள். அவன் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டான்.

“தம்பி, புதைச்சாச்சா?”

“இல்லக்கா. அம்மா அறையைச் சாத்திக்கிட்டா. நம்ம முறையிலதான் அனுப்பணுமாம்.”

“மனு போட்டவர் செத்துட்டார்னு நாளைக்கு நான் சொல்லித்தான் ஆகணும். சொன்ன உடனே கேப்பாங்க. தலை எந்தப் பக்கம் வச்சீங்க, என்ன சொன்னீங்க, மண்ணு யாரு போட்டாங்கனு. சாவுலதான் பொய் மாட்டும்னு இங்க எல்லாரும் சொல்றாங்கடா. கல்யாணம், குழந்தைக்குப் பேரு வைக்கிறது எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன். சாவை விட்டுட்டேன். அது வரும்னு நெனைக்கல.”

“அக்கா...”

“பிள்ளைங்களையும் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. நீ கூடவே நின்னு ஒண்ணு விடாமப் பாத்து எனக்குச் சொல்லணும். இப்ப அம்மாகிட்ட குடு.”

அவன் வந்து போனைக் கதவின் சாவித் துவாரத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டான். அக்கா பேசியது அவனுக்குக் கேட்கவில்லை. அம்மாவின் பக்கம் மட்டும் கேட்டது.

“ம்.”

“ம்.”

“நீ சாப்பிட்டியா?”

போனைப் பிடித்திருந்த கை வலித்தது. அவன் கையை மாற்றவில்லை. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டதும் ரொட்டிக்கடைக்காரன் எழுந்து நின்றான்.

அம்மாவின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கட்டிலில் அப்பா படுத்திருந்தார். தலை ஈரம் காயாமல், வகிடெடுத்து வாரி, முகம் மழித்துச் சுத்தமாக இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அவள் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. குடும்பத்தின் பழைய வழியில் மனைவிதான் குளிப்பாட்ட வேண்டும்.

“நீங்களும் ஒரு தடவை குளிப்பாட்டிடுங்க,” என்றாள் காரியதரிசியிடம். “ஒரு தடவை குளிக்கவே மூக்கால அழுவார். இன்னைக்கு ரெண்டு.”

காரியதரிசி அப்பாவின் ஈரத் தலையைப் பார்த்தார். தரையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று லிஃப்ட்காரன் நினைத்தான். தெரிந்துதான் கையெழுத்தே போட்டிருப்பாரோ என்றும் நினைத்தான். அவரோ சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, “வெந்நீர் இருந்தா குடுங்க தம்பி, பச்சைத் தண்ணி வேண்டாம்,” என்றார். அம்மா தானே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. மகன் எதையும் விடாமல் பார்த்தான். பார்ப்பதிலேயே கவனமாக இருந்ததால் அழ மறந்துபோனது. இடுகாட்டு மதிலோரம் இருந்த குழாயில் கையைக் கழுவிக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டான். அம்மா கொஞ்சம் தள்ளி, தனக்கென்று எழுதி வைத்திருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றாள். அங்கே புல் முளைத்திருந்தது.

“சொல்லு,” என்றாள் அக்கா. “எழுதிக்கிறேன். பிள்ளைங்களும் பக்கத்துல இருக்காங்க.”

“தலை மேட்டுப் பக்கம்.”

“மேட்டுப் பக்கம்,” என்றாள் அக்கா. பின்னால் இரண்டு சின்னக் குரல்கள் அதையே திருப்பிச் சொல்லின.

“வெள்ளைத் துணி, ரெண்டு சுத்து. முகம் மூடல.”

“முகம் மூடல.”

“மண்ணு மூணு கைப்பிடி. வலது கை. முதல்ல நான், அப்புறம் அந்தப் பெரியவர்.”

“உனக்கப்புறம் பெரியவர். பேரு சொல்லிப் போட்டீங்களா, சொல்லாமயா?”

“சொல்லித்தான்.”

எழுதும் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். போகவில்லை.

“மெலிஞ்சிருந்தாராடா?”

“அதையும் கேப்பாங்களாக்கா?”

“தெரியல,” என்றாள். “சொல்லு.”

“ஆமா. ரொம்ப.”

“தாத்தா ரொம்ப மெலிஞ்சிருந்தார்,” என்று அக்கா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிள்ளைகள் இரண்டும் அதையும் சேர்த்து முதலிலிருந்து ஒருமுறை ஒப்பித்துப் பார்த்தன.