கோடு போடாத பெயின்ரர்

குருநகர் சிமியோன் வள்ளத்தோடு வானத்துக்குள் போனது இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு. காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. மண்டைதீவுக்குக் கிழக்கே தண்ணீர் முடிந்த இடம் அவருக்குத் தெரியவில்லை. நேரே ஓட்டினார், ஏறிவிட்டார்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. சிமியோனின் மனைவி லூர்த்தம்மா மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்திருந்த அமெரிக்கர், வோல்டர் ஹேலிங், தன்னைப் பெயின்ரர் என்று சொல்லியிருந்தார். குருநகரில் பெயின்ரர் என்றால் மதிலுக்கும் கேற்றுக்கும் வள்ளத்துக்கும் பெயின்ற் அடிக்கிறவர். அவரோ கோதுமை விதைக்கிற ஒருவரின் மகனாகப் பிறந்து, இருபது வயதில் மனிதர்களை வரைந்து, முப்பதில் மனிதர்களை விட்டு, பிறகு மரங்களை விட்டு, நிழல்களை விட்டு, கடைசியில் கோடு போடுவதையும் விட்டவர். அதன்பின் நாற்பது வருடமாக நிறம் மட்டும்தான். நியூயோர்க்கில் அவருடைய படங்களுக்கு முன்னால் சனங்கள் கதிரை போட்டு இருந்து அழுதார்களாம். மனைவி அழவில்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். எழுபது வயது நெருங்கும்போது, கடலும் வானமும் ஒன்றாய்க் கிடக்கிற ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு, கடைசிப் படத்தை வரைய யாழ்ப்பாணம் வந்தார். நாலு வருடம் ஒரே துணி, சுவரளவு, கடலுக்கும் வானத்துக்கும் ஒரே நிறம். அதை முடித்த கிழமைதான் சிமியோன் தன் வள்ளத்துக்கும் பெயின்ற் அடித்துத் தரச்சொல்லிக் கேட்டார். மனுசன் சந்தோசமாக இறங்கிவந்து, படத்துக்குக் கரைத்த அதே பெயின்றை, பேரும் நம்பரும் மறைய வள்ளம் முழுக்கப் பூசிவிட்டார். மற்ற வள்ளங்கள் சிவப்பும் மஞ்சளுமாய் இருந்தபடியால் கடல் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. சிமியோனின் வள்ளத்தை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

மத்தியானம் லூர்த்தம்மாவின் போன் அடித்தது.

"எங்கை நிக்கிறியள்?"

"மேலை. கோயில் சிலுவை எனக்குக் கீழை தெரியுது."

"இறங்கி வாங்கோவன்."

"எதிலை இறங்கிறது? எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. குடிக்கிற தண்ணியும் ஒரு மிடறுதான் இருக்கு."

பக்கத்து வீட்டு றஞ்சித் போனுக்குள் எட்டி, "அண்ணை, உங்கை மேலையும் நேவி மறிக்கிறானோ?" என்று கேட்டான். லூர்த்தம்மா பார்த்த பார்வையில் பின்னுக்குப் போய்விட்டான்.

அவள் மேல்மாடிக்கு ஏறினாள். படம் சுவரை மூடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அதை எடுத்துப் போக அமெரிக்காவிலிருந்து மியூசியக்காரர் வருவதாக இருந்தது.

"ஐயா, உதிலை கடலுக்கும் வானத்துக்கும் நடுவிலை ஒரு கோடு போடுங்கோ."

அவர் இந்த வீட்டில் பழகிய தமிழில் மெதுவாகச் சொன்னார். "கோடு பொய், அம்மா. கடலிலை கோடு இல்லை."

"ஓம், இல்லைத்தான். அந்தப் பொய்யைப் பாத்துத்தான் எங்கடை ஆக்கள் இவ்வளவு காலமும் வீடு வந்து சேந்தவை."

அவர் யன்னலால் பார்த்தார். கொக்கு அளவில் ஒரு வள்ளம் வெயிலுக்குள் நின்றது. பிறகு படத்தைப் பார்த்தார், கனநேரம். தூரிகையை எடுத்தார். நாற்பது வருடம் கோடு போடாத கை, துணிக்கு ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டது.

லூர்த்தம்மா வள்ளம் கட்டுகிற தச்சனின் மகள். வலை நூலைக் கறுப்புப் பெயின்றில் தோய்த்து ஒரு தலைப்பை அவர் கையில் கொடுத்தாள். மற்றத் தலைப்பைத் தான் பிடித்து, பலகையில் நேர்கோடு விழ நூல் தட்டுவதுபோல், துணியோடு வைத்து இழுத்து விட்டாள். டப்பென்று விழுந்த கோடு துணியில் நிற்கவில்லை. யன்னலைத் தாண்டி, கடலின் கடைசிவரை ஓடியது. பொழுது படுவதற்குள் சிமியோன் வந்து கரையில் குதித்தார். ஒரு குடம் தண்ணீர் குடித்தார். மேலே என்ன கண்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு, குளிர் என்று மட்டும் சொன்னார்.

மியூசியக்காரர் வந்து பார்த்து, படம் பழுதாகிவிட்டது என்றார்கள். ஹேலிங் தலையாட்டினார். எடுத்துப் போகக் கேட்டிருந்தாலும் லூர்த்தம்மா விட்டிருக்கமாட்டாள். அது இன்னும் மேல்மாடியில்தான் இருக்கிறது. அவர் இப்போது வள்ளங்களுக்குப் பேரும் நம்பரும் எழுதுகிறார், எழுத்து வடிவாக இருக்கும்.

ஹேலிங் நெட்டையர், லூர்த்தம்மா கட்டை. அதனால் அவள் பிடித்த பக்கம் கோடு கொஞ்சம் கீழே பதிந்துவிட்டது. கரைக்குப் போட்டோ எடுக்க வருகிறவர்கள், கடல் சரிந்து தெரிகிறதென்று போனைச் சரித்துச் சரித்துப் பார்ப்பார்கள். பிழை போனில் இல்லை. குருநகர் வள்ளக்காரர் திரும்பி வரும்போது பாதிவழியில் எஞ்சினை நிற்பாட்டிவிடுவார்கள். மிச்சத் தூரம் கடல் கரையை நோக்கிப் பள்ளமாகத்தான் இறங்கி வருகிறது.