தர்மத்துக்கு அறுக்காத சாமைக்காடு

"இன்னிக்குச் சின்னுசாமி காடு! ஊட்டுக்கு ஒரு ஆளு வாங்கோ!"

சாமை அறுப்புக் காலத்தில், மலைமேல் தேவனூர் நாட்டில் இருந்த அந்தச் சிற்றூரை எழுப்புவது கோழியல்ல, இந்தக் குரல்தான். வாசல் வாசலாக நின்று முழங்கிக்கொண்டு வந்த குரல், மாணிக்கத்தின் வாசலில் மட்டும் சட்டென்று தணிந்தது. தூங்குகிற குழந்தையைத் தாண்டுவது போலத் தாண்டிப் போய், அடுத்த வாசலில் மறுபடி முழங்கியது.

"பாத்தியா பெருமாயி, எனக்கு எவ்வளவு மருவாதை! ராசா தூங்கறாருன்னு மெதுவாப் போறாங்க" என்றான் மாணிக்கம்.

அடுப்படியில் இருந்த பெருமாயிக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களுக்கு ஒரு காலு இல்ல, சரி. எனக்கு ரெண்டும் இருக்குதுங்களே. என்னை ஏனுங்க கூப்புடல?"

நியாயமான கேள்விதான். அந்த ஊரில் அறுப்பு, களையெடுப்பு எல்லாம் மாத்தாள் முறையில் நடக்கும். இன்று உன் காட்டில் நான் அறுத்தால், நாளை என் காட்டில் நீ அறுக்க வேண்டும். மாணிக்கம் சேலத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்கல் சுரங்கத்துக்குக் கூலிக்குப் போனவன், பாறை உருண்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து திரும்பினான். ஊர்க்கவுண்டர் குப்புசாமி மனம் இளகி, "பாவம், அவன் ஊட்டை முறையிலிருந்து உட்டுருங்க" என்று சொல்லிவிட்டார். வீடு என்றால் முழு வீடு. பெருமாயியின் இரண்டு கால்களும் அந்த இரக்கத்தோடு சேர்ந்து போயின.

சுரங்கத்தில் ஊனப்பட்டவனுக்கு நட்டஈடு தரச் சொல்லி வெள்ளைக்கார சர்க்கார் சில வருஷங்களுக்கு முன்புதான் ஒரு சட்டம் போட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே கால் போனால், சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு ஐம்பது போயிற்று என்பது அதன் கணக்கு. ஏதோ கொஞ்சம் கையிலும் வந்தது. போன காலுக்கு அத்தனை கவனமாகக் கணக்குப் பார்த்தவர்கள், இருக்கிற காலை வைத்துக்கொண்டு அவன் எப்படிப் பிழைப்பது என்று ஒரு வரி எழுத மறந்துபோனார்கள்.

இப்போது மாணிக்கத்தின் சாமையும் முற்றிவிட்டது. கிழக்கே ஐப்பசி மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஒற்றை ஆளாகப் பெருமாயி அறுத்து முடிப்பதற்குள் ஒரு வருஷச் சோறு மண்ணில் உதிர்ந்துவிடும். முறையில் இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்?

மறுநாள் காலை ஊரே வந்தது. அரிவாளும் கையுமாக. முன்னால் ஊர்க்கவுண்டர்.

"மாணிக்கம், உன்ற காட்டை நாங்களே அறுத்துத் தாரோம். பதிலுக்கு நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். தர்மம்னு நெனச்சுக்க, சாமி."

மாணிக்கம் தான் ஊன்றி நடக்கும் கவைக்கோலைக் காட்டு வழியின் குறுக்கே போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "தர்மம்னா வேண்டாமுங்க. மாத்தாளா வந்தீங்கன்னா எறங்குங்க."

"ஒத்தக்காலை வெச்சுக்கிட்டு எங்க காட்டுச் சரிவுல நீ என்னத்தடா அறுப்ப?"

"உக்காந்து அறுப்பேனுங்க. அறுவாளக் கையிலதானுங்களே புடிக்கறோம்? காலுல புடிக்கறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கவுண்டரின் முகம் இறுகியது. மாணிக்கம் விடவில்லை.

"மெதுவாத்தான் அறுப்பேன், ஒத்துக்கறேன். சர்க்காரு சட்டமே என்னைய அரை ஆளுன்னுதான் சொல்லுது. அது பாதியை வெட்டுச்சு, நீங்க மீதியையும் சேத்துப் பொதச்சுட்டீங்க. பெருமாயி முழு ஆளுங்க. ஊட்டுக்கு ஒரு ஆளுதான கேக்கறீங்க? எங்க ஊட்டுல ஒண்ணரை ஆளு இருக்குது!"

"திமிரப் பாரு. கெடந்து உதிரட்டும்!" கவுண்டர் திரும்பினார். ஒரு தூறல் விழுந்தது.

பெருமாயி புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ரோசத்த ஒலையில போட்டா வேகுமாங்க?"

மாணிக்கம் கிழக்கே கூடி நின்ற மேகத்தைப் பார்த்தான். இந்த முறை வேடிக்கை பேசவில்லை. "வேகாது, புள்ள. ஆனா இன்னிக்குத் தர்மம் வாங்கிட்டா, அப்புறம் சாகற வரைக்கும் நம்மளை யாரும் வேலைக்குக் கூப்புட மாட்டாங்க."

பெருமாயி அவனையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தனியாகக் காட்டில் இறங்கி அறுக்கத் தொடங்கினாள்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூட்டத்தில் இருந்த பாவாயியால் முடியவில்லை. புருஷன் போன பிறகு தனியாகக் காடு செய்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். "ஏ மாணிக்கம், நாளைக்கு என்ற காடு. ஊட்டுக்கு ஒரு ஆளு. வாரயா?"

"வாரேன் அக்கா. ரெண்டு பேருமே வாரோம்."

"அப்பறம் என்ன, கோலை எடு."

அவள் இறங்கினாள். நேற்றே அறுப்பு முடிந்துவிட்ட சின்னுசாமி, தனக்கு அடுத்த களையெடுப்புக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு இறங்கினான். அத்தாயி நாளை மறுநாள் தன் காட்டுக்கு வரச் சொல்லி இறங்கினாள். மற்றவர்களும் அவரவர் காட்டைச் சொல்லிச் சொல்லி இறங்கினார்கள். மழை வலுத்தபோது மேல் ஓரத்தில் ஒரு துண்டுதான் மிச்சமிருந்தது. அது உதிர்ந்தது, உதிரட்டும் என்று மாணிக்கமே சொல்லிவிட்டான்.

மறுநாள் மழை விட்டிருந்தது. பாவாயி காட்டில் மாணிக்கம் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அறுத்தான். மற்றவர்கள் முடித்து வெகுநேரம் கழித்துத்தான் அவன் பங்கு முடிந்தது. வேட்டியெல்லாம் சேறு. வரப்பில் நெடுநேரம் நின்று பார்த்த ஊர்க்கவுண்டர் மெல்ல வந்து அவன் பக்கத்தில் குந்தினார்.

"நல்லது பண்றேன்னுதான்டா நெனச்சேன். பாறை உன்ற ஒரு காலைத்தான் எடுத்துச்சு. மத்ததையெல்லாம் எங்க 'பாவம்' எடுத்துக்கிச்சு. ஒருத்தனை முடியாதவன்னு ஓரங்கட்டி வெச்சுட்டு, அப்பறம் சோறு போடறது தர்மமில்ல. வேலையில அவனுக்குண்டான எடத்த உடணும். அது நாம குடுக்கற பிச்சை இல்ல, அவன் பாத்தியதை." சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்கு என்ற காட்டுக்கு வாரயா?"

மாணிக்கம் அரிவாளை வேட்டியில் துடைத்தான்.

"நாளைக்கு அத்தாயி காடுங்க. உங்க முறை வரட்டும், வாரேன்."