பேஸ்போல் அணியும் என் முதுகும்

நான் டென்மார்க்கில் பல்கலைக்கழகம் போனவன். அங்கே கோப்பை கழுவினேன்.

ஓகூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மாணவர் உணவகத்தின் பின்பக்கம் ஒரு நீண்ட யன்னல் இருந்தது. சாப்பிட்டு முடிந்தவர்கள் தட்டை அதற்குள்ளால் தள்ளிவிட்டுப் போவார்கள். உள்ளே நான் நிற்பேன். 1986ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள், அவசரத்தில் வந்த பெட்டை ஒருத்தி தட்டைத் தள்ள, அதிலிருந்த கண்ணாடிக் குவளை விளிம்பைத் தாண்டி விழுந்தது. என் கை தானாகவே போய் அதைப் பிடித்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் பிடித்த மிகச் சிறந்த பிடி அதுதான். அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

யன்னலுக்கு வெளியே நெட்டையாக, செம்பட்டைத் தாடியோடு ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் வேய்ன். அமெரிக்காவில் ஒஹையோவிலிருந்து நிலவியல் படிக்க வந்தவன்.

"நீ எந்த நாடு?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"சிறீலங்கா."

"அப்படியென்றால் கிரிக்கெட் விளையாடியிருப்பாயே?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்கள் கல்லூரி முதலாவது அணி விளையாடும்போதெல்லாம் நான் மைதானத்தில்தான் இருந்தேன். ஓட்டப் பலகையில் இலக்கம் எழுதிய தகரங்களை ஆணியில் கொழுவுகிற வேலை என்னுடையது. அதிலும் ஒருமுறை ஆறைத் தலைகீழாகக் கொழுவி ஒன்பதாக்கி, எதிரணிக் கல்லூரி அதிபரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஆனால் வந்து பதினைந்து மாதமாக என்னிடம் யாரும் எதையும் விரும்பிக் கேட்டதில்லை. "நீ ஏன் வந்தாய்", "எப்படி வந்தாய்", "எப்போது போவாய்" இவைதான் கேள்விகள். இவன் ஒருவன்தான் முகமெல்லாம் ஆசையோடு கேட்டான்.

"விளையாடினேன்," என்றேன். "கல்லூரி முதலாவது அணியில்."

"ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வா," என்றான்.

வேய்ன் அங்கே ஒரு பேஸ்போல் அணி தொடங்கி ஒரு வருடமாகியிருந்தது. முதற் கூட்டத்துக்கு இருபது பேர் வந்தார்களாம், பியர் கொடுக்கப்பட்டது. அடுத்த கிழமை பியர் இல்லை, ஐந்து பேர் வந்தார்கள். பல்கலைக்கழக விளையாட்டுக் குழு உதைபந்தாட்ட மைதானத்தின் ஒரு மூலையையும், சாமான் வைக்க ஒரு அலுமாரியையும் கொடுத்திருந்தது. கலைந்துபோன ஒரு கைப்பந்து அணியின் பழைய மேற்சட்டைகளும் கிடைத்தன. எனக்கு வந்த சட்டை முழங்கால் வரை தொங்கியது. 1985இல் நான்கு போட்டி விளையாடி நான்கிலும் தோற்றிருந்தார்கள். ஒரு போட்டிக்கு எட்டுப் பேரோடு போய்த் தோற்றதால், ஒன்பதாவது ஆளைத் தேடி வேய்ன் உணவகம் உணவகமாக அலைந்திருக்கிறான். அணியில் மாணவர்களோடு ஊழியரும் சேரலாம் என்பது விதி. கோப்பை கழுவுகிறவனும் ஊழியன்தான்.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்குச் சுருக்கமாகத்தான் தெரியும். ஒருவர் பந்தை எறிய மற்றவர் உருண்டைத் துடுப்பால் அடிப்பார். அடித்துவிட்டு, தலையணை போலத் தரையில் கிடக்கும் மூன்று பேஸ்களையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ஓட்டம். டெனிஷ் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் றுண்ட்போல் என்று கிட்டத்தட்ட இதையே விளையாடி வளர்கிறவர்கள். ஆகவே அணியில் பேஸ்போல் அடியோடு தெரியாதவன் நான் ஒருவன்தான். ஆனால் எல்லோரும் என்னைத்தான் நம்பிக்கையோடு பார்த்தார்கள்.

முதற்போட்டி ஏப்ரல் மாதம். குளிர் காற்று. எனக்கு முதலில் வந்த பந்தை நான் கல்லூரியில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான முறையில் ஆடினேன். இடது காலை முன்னே வைத்து, முழங்கையை உயர்த்தி, தலையைக் குனிந்து தடுத்தேன். பந்து என் காலடியில் செத்து விழுந்தது. அழகான ஆட்டம் என்று நினைத்து அப்படியே சிலைபோல நின்றேன்.

"ஓடு!" என்று மற்ற எட்டுப் பேரும் கத்தினார்கள். எதிரணியிலும் ஒருவன் கத்தினான்.

"ஓட்டமில்லை," என்று கையை உயர்த்திக் காட்டினேன். அதற்குள் ஆட்டமிழந்திருந்தேன்.

அடுத்த முறை ஓடினேன். துடுப்பையும் தூக்கிக்கொண்டு ஓடி, பேஸுக்கு எட்ட நின்றே துடுப்பை நீட்டித் தொட்டேன். அதுவும் சரிவரவில்லை. பந்து பிடிக்கும்போது இடது கையில் மட்டும் போடுகிற கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு வெறுங்கையாலும் பிடிக்கப் போனேன். விரல் வீங்கியதுதான் மிச்சம். பந்து அதிகம் வராத வலது மூலையில் என்னை வேய்ன் நிறுத்திவைத்தான். அங்கே எனக்குத் துணை கடற்காகங்கள்.

தோல்விக்குப் பிறகு மொவன்ஸ் வந்து என் தோளில் தட்டினான். அவன் இறையியல் மாணவன், பாதிரியாராகப் போகிறவன். பந்தெறிகிறவனுக்கு எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பது அவன் வேலை. "உங்கள் நாட்டில் விதிகள் வேறுதானே," என்றான். ஓம் என்று தலையாட்டினேன். பாதிரியாரிடமும் பொய் சொல்லியாயிற்று.

இவ்வளவோடு விஷயம் ஓகூஸுக்குள் அடங்கியிருக்கும். வைகாசியில் பிராண்டேயில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனேன். அங்கே ஆனந்தராஜா அண்ணை இருந்தார். எங்கள் ஊர்க்காரர், எனக்கு ஏழு வயது மூத்தவர், தொழிற்சாலையில் வேலை. அவருக்குக் குரல் பெரிது, கேட்கும் பொறுமை சிறிது.

"என்ன பாலேந்திரா, ஞாயிற்றுக்கிழமையில உன்னைப் பிடிக்கேலாமல் கிடக்கு?"

"யூனிவேர்சிற்றிக்கு விளையாடுறன் அண்ணை. பேஸ்போல்."

"யூனிவேர்சிற்றிக்கோ!" அவர் திரும்பி மண்டபம் முழுவதுக்கும் கேட்கச் சொன்னார். "கேட்டியளே, எங்கட பெடியன் யூனிவேர்சிற்றி ரீமில!"

அவருடைய மனைவியின் தங்கை ராசமலர் கேக் தட்டோடு அந்தப் பக்கம் வந்தாள். வைலேயில் முதியோர் இல்லமொன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தவள். நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு திருத்தம் எதுவும் சொல்லாமல் நின்றேன். இரண்டு கிழமையில் செய்தி வைலே போய், சில்க்போர்க் போய், எனக்கே திரும்பி வந்தபோது நான் டென்மார்க் தேசிய அணியில் விளையாடிக்கொண்டிருந்தேன். சில்க்போர்க்கிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். "எல்லாம் உங்கட ஆசீர்வாதம்," என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், கோப்பன்ஹேகனிலிருந்து ஒரு அணி எங்களோடு விளையாட வந்தது. நாங்கள் உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்தபோது மைதானத்தின் ஓரம் ஒரு வானும் இரண்டு காரும் வந்து நின்றன. கதவு திறந்து வேட்டி தவிர மற்றெல்லாம் இறங்கியது: சேலைகள், கோட்டுகள், பிள்ளைகள், சோற்றுப் பானை, மடக்குக் கதிரைகள். இருபத்தைந்து பேராவது இருக்கும். அதுவரை எங்கள் போட்டிகளுக்கு வந்த பார்வையாளரின் அதிகபட்ச எண்ணிக்கை மூன்று, நாயையும் சேர்த்து.

"இவர்களெல்லாம் யார்?" என்றான் வேய்ன்.

"என்னைப் பார்க்க வந்தவர்கள்," என்றேன்.

ஆனால் அன்றைக்கு ஒரு அதிசயம் நடந்தது. அத்தனை பேர் கைதட்டுவதைக் கண்ட எங்கள் அணி ஒழுங்காக விளையாடத் தொடங்கியது. யார் எதைச் செய்தாலும் எங்கள் சனம் கைதட்டியது. எதிரணிக்காரன் பந்தைப் பிடித்தாலும் தட்டியது. கடைசிச் சுற்றுக்கு வந்தபோது எட்டுக்கு எட்டு. நாங்கள் அடிக்கும் முறை. இரண்டு பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள், மூன்றாமவரும் போனால் எங்கள் முறை முடிந்துவிடும். மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள், மூன்றாவதில் மொவன்ஸ். அவன் ஓடி வந்து சேர்ந்தால் வெற்றி.

அடிக்க வேண்டிய ஆள் நான்.

வேய்ன் சுற்றிலும் பார்த்தான். மாற்று ஆள் இல்லை. ஒன்பது பேர்தான். என் தலைக்கவசத்தை அவனே நேராக்கிவிட்டு, "மூச்சு விடு, அது போதும்," என்றான்.

"பாலேந்திரா, சிக்ஸ் அடியடா!" என்று அண்ணையின் குரல் வந்தது.

முதற் பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவதுக்குக் கண்ணைத் திறந்துகொண்டு துடுப்பை வீசினேன்; பந்து எப்போதோ மொத்தமாகக் கடந்துவிட்டிருந்தது. இன்னொன்று தவறினால் முடிந்தது. ராசமலர் எழுந்து நின்று பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

மூன்றாவது பந்து என்னை நோக்கியே வந்தது. எறிந்தவனின் கை ஈரமாக இருந்திருக்க வேண்டும். விலக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. இடப்பக்கம் போக நினைத்தேன், பிறகு வலம் என்று முடிவெடுத்தேன், இரண்டும் சேர்ந்து என்னை ஒரு அரைவட்டம் திருப்பிவிட்டன. பந்து நடுமுதுகில் வந்து மோதியது. கீழே விழுந்தேன்.

நடுவர் முதலாவது பேஸைக் கையால் காட்டினார். எறிந்த பந்து உடம்பில் பட்டால் அடிக்கிறவன் சும்மாவே முதலாவது பேஸுக்கு நடக்கலாம். மற்றவர்களும் ஒவ்வொரு பேஸ் முன்னேற வேண்டும். அதாவது மொவன்ஸ் வந்து சேரலாம். அதாவது நாங்கள் வென்றுவிட்டோம்.

எதிரணித் தலைவன் ஓடிவந்தான். "அவன் விலகவேயில்லை! வேண்டுமென்றே நின்றான். விலக முயற்சி செய்யாதவனுக்கு அது கிடைக்காது!"

நடுவர் உயர்நிலைப் பள்ளியொன்றில் உடற்பயிற்சி ஆசிரியர். நிதானமாகப் பேசுகிறவர். "நான் இந்த மனிதனை மதியம் முழுவதும் கவனித்தேன்," என்று டெனிஷ் மொழியில் சொன்னார். "அவர் முயற்சி செய்தார். அவரால் முடிந்த வேகம் அதுதான்."

எதிரணித் தலைவன் என்னைப் பார்த்தான். யோசித்தான். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

நான் எழும்புவதற்குள் ஆனந்தராஜா அண்ணை மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டார். "எல்பிடபிள்யு குடுத்திட்டாங்கள்! முதுகில பட்டதுக்கு எல்பிடபிள்யுவோ? கள்ளர்!" நடுவரின் சட்டையைப் பிடிக்கப் போனவரை வேய்ன் கட்டிப்பிடித்தான். அண்ணை அது சண்டை என்று நினைத்துத் திமிறினார். வேய்ன் கொண்டாடுகிறான் என்று நினைத்து மற்றவர்களும் வந்து கட்டிப்பிடித்தார்கள்.

"அண்ணை, விடுங்கோ! வெண்டிட்டம்!" என்று தரையிலிருந்து கத்தினேன்.

"ஆர் வெண்டது?"

"நாங்கள்!"

"அப்ப நீ ஏன் விழுந்து கிடக்கிறாய்?"

"முதலாவது பேஸைத் தொடு!" என்று வேய்ன் அலறினான். நொண்டி நொண்டிப் போய்த் தொட்டேன். பிறகு என்னைத் தூக்கினார்கள். பந்து பட்ட இடத்திலேயே கையை வைத்துத் தூக்கினார்கள். என் கண்ணில் நீர் வந்ததை எல்லோரும் ஆனந்தக்கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சோறும் கோழிக்கறியும் இரண்டு அணிக்கும் பரிமாறப்பட்டது. நடுவர் மூன்றுமுறை வாங்கிச் சாப்பிட்டார்; அண்ணைதான் பக்கத்தில் நின்று பரிமாறினார். நான் உட்கார முடியாமல் வானின் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். ராசமலர் தட்டோடு வந்தாள்.

"பந்து பட்டதுக்கோ உங்களைத் தூக்கினவை?"

"ஓம்."

"நீங்கள் அடிக்கேல்லையோ?"

"இல்லை."

"முந்தி எப்பவாவது அடிச்சிருக்கிறியளோ?"

அவள் கேட்ட விதத்தில் ஏளனமில்லை. மருந்து கொடுக்க முன்பு நோயாளியிடம் கேட்பது போலக் கேட்டாள். எனக்கு அந்தப் பொய்யைச் சுமக்க அதற்குமேல் முடியவில்லை. முதுகில் ஏற்கெனவே இடமில்லை.

"நான் ஒருநாளும் கிரிக்கெட் விளையாடினதில்லை," என்றேன். "தகரம் கொழுவினனான். தேசிய ரீமும் இல்லை. இஞ்ச கோப்பை கழுவுறன்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். தட்டை வானின் மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திச் சிரித்தாள். நான் வெட்கப்படத் தயாராகி நின்றேன். ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் வைலேயில பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன் எண்டு இவை வெளியால சொல்லிக்கொண்டு திரியினம். கிழவருக்குச் சப்பாத்துப் போட்டுவிடுறதுதான் என்ர வேலை," என்றாள். பிறகு, "வீட்ட போய் உறைஞ்ச பட்டாணிப் பை ஒண்டை வைச்சுக்கொண்டு குப்புறப் படுங்கோ. நாளைக்கு நீலமாகும், பயப்பிடாதையுங்கோ," என்றாள்.

மூன்று நாள் குப்புறப் படுத்தேன். நாலாம் நாள் அவளுக்குத் தொலைபேசி எடுத்து, நீலம் பச்சையாகிவிட்டது என்று அறிவித்தேன். அடுத்த கிழமை மஞ்சளாகியது, அதையும் அறிவித்தேன். காயம் முழுதாக ஆறிவிட்டது என்பதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை அவளே கண்டுபிடித்து, "இனிச் சாட்டுச் சொல்லாமல் எடுங்கோ," என்றாள்.

வேய்ன் டிசம்பரில் அமெரிக்காவுக்குத் திரும்பினான். ரயில் நிலையத்துக்கு நானும் மொவன்ஸும் போனோம். மொவன்ஸ் கோப்பி வாங்கப் போன நேரத்தில் நான் வேய்னிடம் தகரக் கதையைச் சொன்னேன்.

"தெரியும்," என்றான். "முதல்நாளே தெரியும். கையுறையை வலது கையில் போட்டுக்கொண்டு வந்தாய்."

"பிறகேன் வைத்திருந்தாய்?"

"நீ ஒவ்வொரு ஞாயிறும் வந்தாய். மழைக்கும் வந்தாய். நல்லாய் விளையாடத் தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் காலையில் எழும்ப மாட்டார்கள்." ரயில் வந்தது. என்னைக் கட்டிப்பிடித்தான். கவனமாக, முதுகில் படாமல்.

1987 வசந்தத்தில் மிஞ்சியவர்கள் கூடினோம். தலைவர் ஒருவர் வேண்டும். மொவன்ஸுக்குக் கடைசிப் பரீட்சை. மற்றவர்கள் புதியவர்கள். அனுபவம் உள்ளவர் யார் என்று கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சரி," என்றேன்.

என் தலைமையில் நான்கு போட்டி விளையாடினோம், நான்கிலும் தோற்றோம். கடைசிப் போட்டிக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். எதிரணி எங்களுக்கு மூன்று பேரைக் கடன் தந்தது. எங்கள் பக்கத்தில் ஓட்டம் எடுத்தவர்கள் அந்த மூவரும்தான். புரட்டாதியில் விளையாட்டுக் குழு அலுமாரியைத் திருப்பிக் கேட்டது. நான் போய்ச் சாவியைக் கொடுத்து, அணியை மூடுவதற்கான படிவத்தில் தலைவர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன். மேசையிலிருந்த பெண்மணி படிவத்தைப் படித்துப் பார்த்து, "எந்தத் துறையில் படிக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"உணவகத்தில்," என்றேன்.