பேக்கரிக்காரரின் கட்டைவிரல்

…அழுத்திப் பார்க்கவில்லை, இன்றைக்கு என் வீட்டுக்காரர் அழுத்திப் பார்க்கவே இல்லை, சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார், ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு நாள் உண்டா… பேக்கரிக்குக் கிளம்புமுன் போர்வை நுனியை விலக்கி, என் கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து, எடுத்துவிட்டுப் பார்ப்பார், குழி விழவில்லை என்றால், "பதம் வரல. அடுப்புக்கு ஆகாது, தூங்கு" என்பார். மாவில் விழுந்த குழி மெல்ல எழும்பினால் ரொட்டிக்கு நல்லது, என் காலில் குழி விழுந்தால் சிறுநீரகத்துக்குக் கெட்டது. அரைத் தூக்கத்தில் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பேன். இன்றைக்குப் படுத்தே கிடந்தேன்.

ஆய்வுக்கூடத்துப் பெஞ்சு. மடியில் காலிப் பை. அதில் இருந்த டப்பாவை இப்போதுதான் ஜன்னலில் கொடுத்தேன், நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை சேர்த்த சிறுநீர். பஸ்ஸில் கண்டக்டர், "என்னக்கா, எண்ணெயா?" என்றான். "ஆமா, சொந்தச் செக்கு" என்றேன், மூடியை இன்னொரு தரம் திருகிக்கொண்டேன். புரதம் எவ்வளவு கழிகிறது என்று பார்ப்பார்கள், குறைவாக இருந்தால் சிறுநீரக மாத்திரையை நிறுத்திவிடலாம். டாக்டரம்மா போன மாதமே சொல்லிவிட்டார், "நாலு வருஷமா கிட்னி அமைதியா இருக்கு. நிறுத்தினா சில பேருக்குத் திரும்ப வரும், எல்லாருக்கும் வராது. உங்க வீட்டுக்காரர் கால் பாக்கறாரே, அதை மட்டும் விட வேண்டாம்." அதை மட்டும்…

அவர்தானே முதலில் கண்டுபிடித்தார். விரல் முட்டிகள் வலித்ததற்குத் தெருமுனை வைத்தியர் வாதம் என்றார், முடி கொட்டியதற்கு அக்கா எண்ணெயை மாற்றச் சொன்னாள், வெயிலில் துணி காயப்போட்டு வந்ததும் இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்ததற்கு, "இந்த வயசுல வெக்கத்தைப் பாரு" என்று சிரித்தாள். எல்லாம் தனித்தனி என்றே இருந்தோம். ஒரு மாலை கால் கனக்கிறது என்று நீட்டினேன், பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். குழி அப்படியே இருந்தது. "இது மாவு மாதிரி இருக்கே" என்றார், சிரிக்கவில்லை, சட்டைகூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். லூபஸ். உடம்பின் காவலே உடம்பை அடிக்கிற நோய். பக்கத்துக் கட்டிலில் ஒரு கணக்கு டீச்சர், அதே நோய், அதே மருந்து, ஸ்டீராய்டில் என் முகம் உப்பியபோது, "காம்பஸ் இல்லாமலே நூத்துக்கு நூறு வட்டம்" என்றாள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. நான் போனேன். ஏன் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நீங்க சீக்கிரம் வந்தீங்க" என்றார். அந்தச் சீக்கிரம் என் வீட்டுக்காரருடைய கட்டைவிரல்… ஒருநாளும் அவரிடம் நன்றி என்று சொன்னதில்லை, சொன்னால், "சரி, டீ போடு" என்பார், போட்டிருப்பேன், அதுவே போதுமென்று இருந்துவிட்டேனோ.

மறந்துவிட்டாரா… மறந்திருந்தால் அதைவிட நல்ல செய்தி எந்த ரிப்போர்ட்டில் வரும், நோயாளி இல்லாத வீட்டிலிருந்து ஒருவர் வேலைக்குப் போயிருக்கிறார். இல்லை, பயந்தாரா, டப்பா போகிற நாளில் எதையும் பார்க்க வேண்டாமென்று… எதுவானாலும் சரி, சாயங்காலம் கேட்கப்போவதில்லை. ஆனால் மாத்திரை நின்றுவிட்டால், அவரும் மறக்கத் தொடங்கினால், யார் பார்ப்பது. ரத்தம் கொடுக்க என் எண் வர இன்னும் நாலு பேர் இருந்தார்கள். குனிந்தேன், கணுக்காலுக்கு மேலே, எலும்பின்மேல் என் கட்டைவிரலை வைத்தேன். எவ்வளவு அழுத்த வேண்டும்? எத்தனை எண்ணும்வரை? என் கால்தான், ஒன்பது வருஷம், எனக்குத் தெரியவில்லை.