மேடையில் தரப்பட்ட கடிதம்

லண்டனின் மிச்சம் பகுதியில், கூரைக்கடியில் லொஃப்ட் அறை கட்ட நினைக்கும் எந்தத் தமிழரும் பாலேந்திராவைத் தாண்டிப் போக முடியாது. வரைபடம் போட்டுக் கவுன்சில் அனுமதி வாங்கித் தருவது அவரது தொழில். வரைபடம் போடுவது சுப்ரியா. அதன் அடியில் தன் பெயருக்கு முன்னால் ‘சமூகச் சுடர்’ என்று போடுவது அவர்.

சுப்ரியா ஈரோட்டுக்காரி. லண்டனில் கட்டடக்கலை படித்து முடித்து, பாலேந்திராவின் ஸ்பான்சரில் வேலை விசா எடுத்தவள். அந்த விசாவில் ஐந்து வருடம் முடிய அடுத்த செப்டம்பர் ஆகும். அப்போது நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ‘இவர் எங்களுக்குத் தேவை, சம்பளம் இவ்வளவு’ என்று முதலாளி கடிதம் தரவேண்டும், அவ்வளவுதான்.

இதற்கிடையில் பக்கத்து ஸ்ட்ரெதத்தில் பள்ளிக்கூடங்களும் நூலகங்களும் வடிவமைக்கிற அலுவலகம் ஒன்று அவளை எடுக்கத் தயாராக இருந்தது. ஸ்பான்சர் மட்டும் செய்ய மாட்டார்கள்; வதிவுரிமையோடு வரவேண்டும். மார்ச் வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் நடுவே பாலேந்திரா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒண்டுக்கும் யோசியாதையும் பிள்ளை,” என்றார் அவர், டிசம்பர் முதல் வாரத்தில். “கடிதம் நான் தாறன். ஆனால் சும்மா தரமாட்டன். எங்கட பொங்கல் விழா மேடையில வைச்சுத் தாறன்.”

பொங்கல் விழா பெப்ரவரி முதலாம் தேதி. அன்றுதான் ஹால் கிடைத்தது.

“சார், கடிதம் செப்டம்பர்லதான் வேணும். பிப்ரவரி தேதி போட்டிருந்தா பழசுன்னுடுவாங்க.”

“விழா வருசத்தில ஒருக்காத்தான் வரும். செப்டம்பரில ஆர் வந்து கை தட்டுறது?”

கடிதத்தின் மாதிரியைக் காட்டினார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் அவர் எண்பத்தாறில் ஒரு பையோடு ஹீத்ரோவில் இறங்கினார். இரண்டாம் பக்கத்தில் விருதுகள் வாங்கினார். கடைசி வரியில் சுப்ரியா வந்தாள்: ‘செல்வி சுப்ரியா எனது நிழலில் பணிபுரிகிறார்.’

“சார், சம்பளம் எவ்வளவுன்னு போடணும்.”

“சம்பளத்தை மேடையில வாசிக்கிறது பண்பாடில்லை.”

“வேலைக்கு நான் தேவைன்னாவது...”

அவர் பேனாவை எடுத்தார். சுப்ரியாவுக்கு மூச்சு வந்தது. தன் பெயருக்குப் பின்னால் விட்டுப்போன ஒரு பட்டத்தைச் சேர்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

விழா மலரில் சுப்ரியாவைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு வேண்டும் என்று உத்தரவு. எழுதும் பொறுப்பு கமலாம்பிகைக்கு. அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவர், விழாக்களில் அறிவிப்பாளர். இரண்டுக்கும் தனித்தனிக் குரல் வைத்திருந்தார்.

“லண்டனுக்கு எப்ப வந்தனீர்?”

“2016 ஜனவரி ஒம்பது அக்கா.”

“அப்ப வாற மாதம் பத்து வருசம்! தலைப்பே அதுதான். பத்தாண்டுப் பயணம்.”

சுப்ரியா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். பத்து வருடம் இடைவெளியில்லாமல் சட்டப்படி இங்கே இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். படித்த வருடங்களும் கணக்கில் வரும். முதலாளி கடிதம் தேவையில்லை. இப்படி ஒரு வழி இருப்பது அவளுக்கு முன்பே தெரியும். ஐந்து பத்தைவிடச் சின்னது என்பதால் யோசிக்கவே இல்லை. எதை எங்கிருந்து எண்ணுகிறோம் என்று பார்க்க மறந்துவிட்டாள்.

ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்போம் என்று பாலேந்திராவிடம் போனாள்.

“பத்து வருஷ வழியில போட்டா என்ன சார்?”

அவர் முகம், யாரோ சபையில் செருப்போடு ஏறியதுபோல் ஆனது. மிச்சத்தில் ஐந்து வருடத்தில் வதிவுரிமை எடுத்தவர்கள் பத்தில் எடுத்தவர்களை, நாலாம் தடவை டிரைவிங் டெஸ்ட் பாஸான ஆளைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்கள்.

“அது வழியில்லாத ஆக்கள் போற வழி. என்ர ஸ்பான்சரில இருந்துகொண்டு பத்து வருசமோ? சனம் என்னைப் பற்றி என்ன நினைக்கும்?”

“சரிங்க சார்.”

மறுநாள் மதிய இடைவேளையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தாள். ஊருக்குப் போய்வந்த தேதிகளைக் கேட்டார், பார்த்தார், “போடலாம்” என்றார். பதினோரு நிமிடம். விருதுகள் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஜனவரியில் விரைவுச் சேவையில் விண்ணப்பித்தாள். ஒரு புதன்கிழமை, டிராமில் நின்றுகொண்டிருந்தபோது, கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது.

அடுத்த திங்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். தனக்கு எழுதும் எல்லாமே தமிழில் இருக்கவேண்டும் என்பது பாலேந்திராவின் விதி. உறையில் ‘மதிப்பிற்குரிய பாலேந்திரா ஐயா அவர்களுக்கு’ என்று பார்த்ததும் அவர் கண் பனித்தது.

“வாழ்த்து மடல்! நான் கேளாமலே!”

“இல்ல சார், அது வந்து...”

“அடக்கம் வேண்டாம் பிள்ளை. நான் இப்ப உடைக்கமாட்டன். மேடையில கேக்கிறன்.”

“பிரிச்சுப் படிச்சிருங்க சார், ப்ளீஸ்.”

உறை கமலாம்பிகையின் நிகழ்ச்சிக் கோப்புக்குள் போனது. அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பினாள். அவர் மின்னஞ்சலைத் திறப்பவரும் கமலாம்பிகைதான். அவரோ அந்த வாரம் முழுவதும் ஹாலில் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார்.

விழாவில் பாலேந்திராவுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. கடிதம் வாங்குவதற்காகச் சுப்ரியாவையும் அவர் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். கமலாம்பிகை உறையைப் பிரித்து மேடைக் குரலை எடுத்தார்.

“மதிப்பிற்குரிய ஐயா! பெப்ரவரி மாத முடிவுடன்... தங்கள் நிறுவனத்திலிருந்து... நான் விலகுகிறேன்! இதுவரை தந்த வேலைக்கு... நன்றி!”

நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, உயர்த்தவேண்டிய இடத்தில் உயர்த்தினார். முந்நூறு பேரும் கை தட்டினார்கள். வாழ்த்து மடலில் சொல்லைக் கவனிக்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. கவனித்தது ஒருவர். தன் பட்டங்கள் எப்போது வரும் என்று காத்திருந்தவர்.

“என்ன பிள்ளை இது?” கைதட்டலுக்குள் பாலேந்திரா குனிந்து கேட்டார். “செப்டம்பர் வரைக்கும் உமக்கு நான் வேணுமே?”

“போன மாசமே கிடைச்சிருச்சு சார்.”

“என்ர கடிதம் இல்லாமலோ?”

“அதை யாரும் கேக்கவே இல்ல சார்.”

அவர் தன் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் தெரியும்படி கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்.

“அப்ப இதை என்ன செய்யிறது?”

“அண்ணை, கமெராவைப் பாருங்கோ!” என்றார் கமலாம்பிகை.

பாலேந்திரா பார்த்தார். சட்டத்தைச் சுப்ரியாவின் கையில் வைத்து, தானும் ஒரு பக்கம் பிடித்து, பட்டங்கள் இருந்த பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.